ஸாஹிறா: பள்ளிவாசல் முற்றத்தில் எழுந்த கல்லூரி

1892 ஆகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பு மருதானைப் பள்ளிவாசல் வளவில் ஒரு பாடசாலை திறந்துவைக்கப்பட்டது. அல்மத்ரஸதுஸ் ஸாஹிறா என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். அதன் பிறப்புக்குக் காரணமானவர்களாக இன்றும் நாம் நன்றியோடு நினைவுகூர்வது மூவரை: கண்டியைச் சேர்ந்த புறொக்டர் முஹம்மது காசிம் சித்திலெப்பை, எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இலங்கையில் வாழ்ந்துவந்த அஹ்மத் ஒராபி பாஷா, கொழும்பில் கட்டட வேலையில் பெரும் பெயர் எடுத்திருந்த வாப்பிச்சி மரிக்கார். சட்டம் தெரிந்தவர் ஒருவர், போர்க்களம் கண்டவர் ஒருவர், கல்லும் சுண்ணாம்பும் கையாண்டவர் ஒருவர். இம்மூவரும் ஒரே வேலையில் சேர்ந்து நின்றது எப்படி என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அன்றைய முஸ்லிம் பிள்ளை எங்கே, என்ன படித்தான் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அவன் ஓதப்பள்ளியில் படித்தான். லெப்பை சம்மணமிட்டு அமர்ந்திருப்பார். முன்னால் பிள்ளைகள் வரிசையாகப் பாயில். கையில் மரப்பலகை, அதில் மையால் எழுதிய அறபு எழுத்துகள். ஒரு பாடம் மனனமானதும் பலகையைக் கழுவிக் காயவைத்து அடுத்த பாடத்தை எழுதிக்கொள்வார்கள். அலிஃப், பே, தே என்று தொடங்கிக் குர்ஆனை ஓதி முடிக்கும் வரைக்கும் அந்தப் பலகைதான் துணை. ஓதி முடித்த பிள்ளைக்கு இன்னொரு திறமையும் கூடவே வந்து சேரும். அறபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழை, அதாவது அறபுத் தமிழை, வாசிக்க முடியும். மார்க்கச் சட்டங்களும் மாலைகளும் கதைகளும் அந்த எழுத்தில்தான் வீட்டுப் பெண்கள் கைவரை சென்று சேர்ந்தன. எழுத்தறிவில்லாத சமூகம் என்று இலங்கை முஸ்லிம்களை அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் பேசியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெண்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்களுக்கு எழுத்து தெரியும். ஆனால் கச்சேரியில் மனு எழுதவும், நீதிமன்றத்தில் வாதாடவும், சுங்கத்தில் கணக்குப் பார்க்கவும், அரச உத்தியோகம் பெறவும் அந்த எழுத்து உதவவில்லை. அதற்கு ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலம் வேண்டுமென்றால் மிஷன் பாடசாலைக்குப் போக வேண்டும். மிஷன் பாடசாலையில் வேதப் பாடமும் உண்டு.

பிள்ளையின் ஈமான் போய்விடும் என்ற அச்சத்தை இன்று எளிதாகக் குறைசொல்லிவிடலாம். அந்த அச்சம் காரணமில்லாமல் வந்ததல்ல. மதமாற்றம் மிஷன் பாடசாலைகளின் வெளிப்படையான நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. இதே அச்சம் சைவர்களுக்கும் இருந்தது, பௌத்தர்களுக்கும் இருந்தது. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1848இலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கேணல் ஒல்கொட் 1880இல் இலங்கைக்கு வந்தபின் பௌத்த பாடசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1886இல் ஆனந்தாக் கல்லூரி வந்தது. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி வந்தது. முஸ்லிம்கள் கடைசியாக வந்தார்கள். கொழும்பிலும் காலியிலும் பேருவளையிலும் வணிகத்தால் வசதியாக வாழ்ந்த குடும்பங்களுக்குப் பாடசாலைப் படிப்பு இல்லாமலே பிழைப்பு நடந்தது; கிழக்கில் வயலையும் கடலையும் நம்பியிருந்த ஏழைகளுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. இந்தத் தாமதத்துக்கு மார்க்கப் பற்றைவிடப் பொருளாதார நிலையே பெரிய காரணம் என்பது என் துணிபு.

இந்த உறக்கத்தைக் கலைத்தவர் சித்திலெப்பை. 1838இல் கண்டியில் பிறந்தவர். தந்தையும் சட்டத்தரணி, ஆகவே ஆங்கிலம் வீட்டுக்கு அந்நியமாக இருக்கவில்லை. தமிழிலும் அறபிலும் ஆழ்ந்த புலமை உண்டு. தொழிலில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டு இருந்திருக்கலாம். அவரோ 1882 டிசம்பரில் "முஸ்லிம் நேசன்" என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். இலங்கை முஸ்லிம்களின் முன்னோடிப் பத்திரிகைகளில் ஒன்று அது. உலகச் செய்தி, வணிகச் செய்தி, மார்க்க விளக்கம் எல்லாம் அதில் வந்தன; அவற்றினூடாக இதழுக்கு இதழ் அவர் திரும்பத் திரும்ப வந்து நின்ற இடம் கல்வி. 1885இல் அவர் எழுதிய "அசன்பே சரித்திரம்" இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுகிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் "பிரதாப முதலியார் சரித்திரம்" அச்சேறி ஆறே ஆண்டுகளில் அது வந்துவிட்டது. தமிழ் உரைநடைக்கு இப்படியொரு கொடையைத் தந்தவரின் மனம் முழுவதும் பாடசாலையில்தான் இருந்தது என்பதை இலக்கிய வரலாறு எழுதுவோர் போதிய அளவு சொல்லவில்லை.

அவருடைய முயற்சிகள் தொடக்கத்தில் கைகூடவில்லை. 1884இல் கொழும்பில் அவர் தொடங்கிய பாடசாலை சமூகத்தின் ஆதரவு கிடைக்காமல் நின்றுபோனது. ஆங்கிலம் படிப்பிப்பது மார்க்கத்துக்கு விரோதம் என்றார்கள். பத்திரிகைக்குச் சந்தா சேரவில்லை. கைப்பணம் கரைந்தது. கண்டியில் பெண்பிள்ளைகளுக்கென்று பாடசாலை தொடங்கியபோது எதிர்ப்பு இன்னும் கூடியது. மனிதர் அசரவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசினார். படிப்பும் மார்க்கமும் பகையல்ல என்பதற்குக் குர்ஆனிலிருந்தும் நபிமொழியிலிருந்தும் சான்று காட்டினார். தம்மை எதிர்த்த லெப்பைமாரோடும் அவர்களுடைய மொழியிலேயே வாதாட அவரால் முடிந்தது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவரால் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது.

இந்த முயற்சிகள் தொடங்கிய காலத்திலேயே ஒராபி பாஷா இலங்கைக்கு வந்து சேர்ந்திருந்தார். எகிப்தில் அந்நிய ஆதிக்கத்துக்கு எதிராகப் படை திரட்டி, 1882 செப்டம்பரில் தெல்-எல்-கபீர் போரில் தோற்று, மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1883 ஜனவரியில் தோழர் அறுவரோடு கொழும்பில் வந்து இறங்கினார். தோழர்களில் ஒருவர் நவீன அறபுக் கவிதையின் முன்னோடியான மஹ்மூத் சாமி அல்பாரூதி. ஒராபி பாஷா இலங்கையில் 18 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1901இல்தான் தாயகம் திரும்பினார்.

சித்திலெப்பை சொன்னபோது கேட்காத காதுகள் ஒராபி பாஷா சொன்னபோது கேட்டன. அவர் அறபு நாட்டவர், அல்அஸ்ஹரில் ஓதியவர், இஸ்லாத்தின் எதிரியோடு போரிட்டவர் என்ற புகழ் அவருக்கு முன்னே வந்திருந்தது. அப்படிப்பட்டவர் ஆங்கிலம் படியுங்கள், கணிதம் படியுங்கள், உங்கள் பிள்ளைகளை உலகத்துக்குத் தயார்ப்படுத்துங்கள் என்றால், மார்க்கம் போய்விடும் என்று யார் வாதிட முடியும்? அவருடைய ஆடை கூடச் சமூகத்தில் பதிந்துவிட்டது. கொழும்பு முஸ்லிம் பெரியவர்களிடையே துருக்கித் தொப்பி பரவியதில் இந்த எகிப்தியருக்குப் பெரும் பங்குண்டு. 1905இல் எம்.சி. அப்துல் காதர் என்ற முஸ்லிம் அத்துவக்காத்து தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் வாதாட நின்றபோது நீதியரசர் மறுத்தார். அதைக் கண்டித்து முஸ்லிம்கள் திரண்டு கூட்டம் நடத்திய இடம் மருதானைப் பள்ளிவாசல் மைதானம்தான். சமூகம் ஒன்றுகூடிப் பேச வேண்டிய பொழுதெல்லாம் அந்த வளவுக்கே வந்தது.

வாப்பிச்சி மரிக்காரை நம்மில் பலர் கட்டடங்களால் அறிவோம், பெயரால் அறியமாட்டோம். கொழும்பு நூதனசாலையின் வெள்ளை மாளிகை அவர் கட்டியது. 1877இல் அது திறக்கப்பட்டது. தேசாதிபதி வில்லியம் கிரெகரி மகிழ்ந்து, உமக்கு என்ன வேண்டும் என்று கேட்டாராம். வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்று மரிக்கார் கேட்டாராம். பட்டமோ காணியோ கேட்டிருக்கலாம். ஜும்ஆ நாளைக் கேட்டார் என்று முஸ்லிம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். நூதனசாலை நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடியிருந்தது. அரசாங்கத்துக்குக் கட்டிக் கொடுத்துப் பொருள் ஈட்டிய அந்தக் கை மருதானையில் சமூகத்துக்காகக் கட்டியது. பணம், உழைப்பு, செல்வாக்கு மூன்றையும் அவர் ஸாஹிறாவுக்குத் தந்தார்.

பாடசாலையைப் பள்ளிவாசல் வளவுக்குள் வைத்தது இடவசதிக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஈமான் போய்விடும் என்று பயந்த தகப்பனிடம், உன் பிள்ளை படிக்கும் வகுப்பறையிலிருந்து பாங்கு கேட்கும், லுஹருக்கு வுழூச் செய்துவிட்டு நாலு எட்டில் சப்பில் போய் நிற்பான் என்று சொல்ல முடிந்தது. ஆயிரம் வாதங்கள் செய்யாததை அந்த இடத் தெரிவு செய்தது. ஆங்கிலப் பாடப் புத்தகத்தைச் சுமந்தபடி ஒரு பிள்ளை பள்ளிவாசல் முற்றத்தைக் கடந்து போவதைப் பத்து ஆண்டுகள் பார்த்த ஊருக்கு, அதற்குப் பிறகு அந்தக் காட்சியில் விபரீதம் எதுவும் தெரியவில்லை. சித்திலெப்பை 1898இல் காலமானார். தாம் நட்ட செடி வேர்பிடித்ததை மட்டுமே அவர் கண்டார்.

அடுத்த 20 ஆண்டுகள் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பாடசாலை நடந்தது, பெரிதாக வளரவில்லை. என்.எச்.எம். அப்துல் காதர் போன்றோர் முகாமையை ஏற்று அது மூடப்படாமல் காத்தார்கள். வீறுகொண்டு எழுந்தது 1921இல் ரி.பி. ஜாயா அதிபராக வந்த பிறகுதான்.

ஜாயா யார், எங்கிருந்து வந்தார் என்பது கவனிக்கத் தக்கது. துவான் புர்ஹானுதீன் ஜாயா 1890இல் கலகெதரையில் பிறந்தார், மலாய் இனத்தவர். படித்தது அங்கிலிக்கன் சபையின் சென் தோமஸ் கல்லூரியில். கண்டி தர்மராஜக் கல்லூரியிலும் மொறட்டுவை பிரின்ஸ் ஒப் வேல்ஸ் கல்லூரியிலும் கற்பித்தார். பின்னர் பௌத்தர்களின் கோட்டையான ஆனந்தாவில் ஆசிரியராக இருந்தார். அங்கிருந்துதான் ஸாஹிறாவுக்கு அழைத்துவரப்பட்டார். இரண்டு கல்லூரிகளும் மருதானையில் அருகருகே இருப்பவை. கூப்பிடு தூரம்தான். ஆனால் 1921இல் அந்தத் தூரம் பெரிது. ஆறே ஆண்டுகளுக்கு முன்னர், 1915இல், நாட்டின் பல பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன, பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன, உயிர்கள் போயின. சிங்களவரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் ஐயத்தோடு பார்த்த காலம் அது. அந்தக் காலத்தில் பௌத்தப் பிள்ளைகளின் அன்பைச் சம்பாதித்த ஆசிரியர் ஒருவர் முஸ்லிம் கல்லூரியின் தலைவராக வந்தார். ஸாஹிறாவின் குணம் இன்னதென்று அன்றே தீர்மானமாகிவிட்டது.

சில பத்துப் பிள்ளைகளோடு இருந்த பாடசாலையை 26 ஆண்டுகளில் ஜாயா நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் ஒன்றாக உயர்த்தினார். கட்டடங்கள் எழுந்தன. மாணிக்க வணிகர் என்.டி.எச். அப்துல் கபூரின் பெயரால் கபூர் மண்டபம் எழுந்தது. விளையாட்டு, விவாதம், சாரணியம், கடேற் படை என்று ஒரு முழுக் கல்லூரியின் வாழ்வு உருவாயிற்று. மார்க்கப் பாடத்தைப் பேருக்கு வைக்காமல் பாடத்திட்டத்தின் நடுவே வைத்தார். தமக்கு இலத்தீனும் கிரேக்கமும் தெரியும். அதே மதிப்பு அறபுக்கும் கிடைக்க வேண்டும் என்று நின்றார். மாணவர்கள் அவரைக் கண்டு நடுங்கினார்கள், நேசித்தார்கள் என்று பழைய மாணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவர் அரசியலிலும் இருந்தார். 1924இல் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். பின்னர் அரசாங்க சபையில் அமர்ந்தார். 1945இல் இலங்கைக்குச் சுதந்திரம் கோரும் மசோதா வந்தபோது, சிறுபான்மையோருக்கு என்ன கிடைக்கும் என்று பேரம் பேசாமல் அதை ஆதரித்தார். நாட்டின் விடுதலை முதலில், எமது குறைகள் பிறகு என்பது அவர் நிலைப்பாடு. அவருடன் முரண்பட்ட முஸ்லிம் தலைவர்கள் உண்டு. அந்த விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் அன்று அவர் பேசிய பேச்சில் ஒரு கல்லூரி அதிபரின் மனம் தெரிகிறது: அயலானை நம்பாமல் ஒரு நாட்டில் பிள்ளைகளை வளர்க்க முடியாது என்று அறிந்த மனம்.

இரண்டாம் உலகப்போர் வந்தபோது கொழும்பில் படிப்பு தடைப்பட்டது. நெருக்கடியை ஜாயா வாய்ப்பாக மாற்றினார். கொழும்புக்கு வர முடியாத பிள்ளைகளிடம் ஸாஹிறா போகட்டும் என்றார். அளுத்கம, கம்பளை, மாத்தளை, புத்தளம் ஆகிய ஊர்களில் ஸாஹிறாக் கிளைகள் தோன்றின. கம்பளைக் கிளையின் முதல் அதிபராக அலிகாரில் படித்துத் திரும்பிய பதியுதீன் மஹ்மூத் பொறுப்பேற்றார். இந்தப் பெயரை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்; மறுபடியும் வரும். அந்தக் கிளைகள் ஒவ்வொன்றும் இன்று தனித்து நிற்கும் கல்லூரி. கொழும்பு ஸாஹிறாவின் பெருமையைப் பேசும்போது இந்தப் பிள்ளைக் கல்லூரிகளையும் சேர்த்துப் பேசாவிட்டால் பாதி வரலாறு விடுபட்டுவிடும். மாகாணத்து ஏழை முஸ்லிம் பையனுக்குக் கொழும்புக் கல்லூரியின் தரத்தை அவனுடைய ஊரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தது அந்தக் கிளைகள்தாம். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சராகப் பதவியேற்க ஜாயா கல்லூரியை விட்டுப் பிரிந்தார். பாகிஸ்தானில் உயர் ஸ்தானிகராகவும் இருந்தார். 1960 மே 31இல் மதீனாவில் காலமாகி, ஜன்னத்துல் பகீயில் அடக்கம் செய்யப்பட்டார்.

1948இல் அவருடைய நாற்காலியில் அமர்ந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். இவரும் கொழும்பு வணிகக் குடும்பங்களைச் சேர்ந்தவரல்லர்; யாழ்ப்பாணத்தார். 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தார். அல்லாப்பிச்சை குர்ஆன் பள்ளியில் ஓதத் தொடங்கி, இராமகிருஷ்ண மிஷன் நடத்திய வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் பிறகு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். நாவலர் பாடசாலை தொடங்கிய அதே வண்ணார்பண்ணை மண்ணில், சைவப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து தமிழ் கற்றார். பிற்காலத்தில் அவர் எழுதிய தமிழில் அந்தப் பயிற்சி துலங்குகிறது. 1935இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர்தான்.

போர்க்காலத்தில், 1942இல், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். உணவு உற்பத்தியைப் பெருக்குவது அவர் கடமை. காடு வெட்டி வயலாக்கும் வேலையில் கிழக்கிலங்கை முஸ்லிம் விவசாயிகளின் வாழ்வை அவர் முதன்முறையாகக் கிட்ட நின்று கண்டார். புத்திசாலிப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நின்று மாடு மேய்க்கப் போவதைப் பார்த்தார். சுவாமி விபுலாநந்தரின் நட்பும் அந்த மண்ணின் கவிஞர்களின் நட்பும் அவருக்குக் கிடைத்தன. அந்த அனுபவத்தின் பலன்தான் 1945இல் அவர் தொடங்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி. பணமில்லாத காரணத்தால் ஒரு முஸ்லிம் மாணவனின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பதே அதன் ஒரே நோக்கம். அந்த நிதியால் பல்கலைக்கழகம் போனவர்கள் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் பேராசிரியராகவும் உயர்ந்தார்கள். ஒரு சமூகம் தன் ஏழைப் பிள்ளையைத் தானே கைதூக்கிவிட்ட கதை அது. ஸாஹிறாவின் வரலாற்றோடு பிரிக்க முடியாதபடி அது பின்னிக்கிடக்கிறது.

சிவில் சேவையின் உயர்பதவியை விட்டுவிட்டு அதிபர் பதவிக்கு வருவதென்பது அன்று எவரும் நினைத்துப் பார்க்காத காரியம். அஸீஸ் வந்தார். அவருடைய 13 ஆண்டுகளை ஸாஹிறாவின் பொற்காலம் என்று சொல்வது வழக்கம். நானும் அப்படியே சொல்வேன். ஆனால் பரீட்சைப் பெறுபேறுகளையோ கிரிக்கெட் வெற்றிகளையோ வைத்துச் சொல்லவில்லை. முஸ்லிம்களின் சிந்தனைக்கும் பண்பாட்டுக்கும் ஸாஹிறா நடுநாயகமாக விளங்கி, அங்கிருந்து ஒளி நாலாபுறமும் பரவ வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அதற்காகப் பேச்சாளர்களை அழைத்தார், நூலகத்தை வளர்த்தார், எழுதினார். 1950இல் முஸ்லிம் வாலிபர் சங்கத்தைத் தொடங்கினார். "இலங்கையில் இஸ்லாம்" என்ற நூலைத் தமிழில் எழுதினார். அறபுத் தமிழை ஆராய்ந்து எழுதினார். சித்திலெப்பையின் வாழ்வையும் பணியையும் மறதியிலிருந்து மீட்டுச் சமூகத்தின் முன் வைத்ததில் அவருக்கே முதற்பங்கு.

முஸ்லிம் கல்லூரி என்றால் முஸ்லிம்கள் மட்டும் படிக்கும் இடம் என்று அவர் கருதவில்லை. யாழ்ப்பாணத்துக் கரவெட்டியிலிருந்து வந்த கார்த்திகேசு சிவத்தம்பி என்ற மாணவன் ஸாஹிறாவில் படித்தான். பட்டம் பெற்ற பிறகு அங்கேயே ஆசிரியராகவும் இருந்தான். தமிழ் ஆய்வுலகம் முழுவதும் தலைவணங்கிய பேராசிரியர் சிவத்தம்பி தம்மை உருவாக்கியவர்களில் ஒருவராக அஸீஸைப் பல இடங்களில் போற்றியிருக்கிறார். இந்துக் கல்லூரியில் முஸ்லிம் பிள்ளை அஸீஸ் பெற்றதை, முஸ்லிம் கல்லூரியில் சைவப் பிள்ளை சிவத்தம்பிக்குத் திருப்பிக் கொடுத்தார்.

இந்த இடத்தில் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. ஸாஹிறாவைக் கட்டியவர்கள் அயலாரின் பாடசாலைகளில் உருவானவர்கள். ஜாயாவைச் செதுக்கியவை சென் தோமஸும் ஆனந்தாவும். அஸீஸைச் செதுக்கியவை வைத்தீஸ்வரவும் யாழ் இந்துவும். ஒராபி பாஷா வேறொரு நாட்டிலிருந்து வந்தவர். சமூகம் தன்னைப் பாதுகாத்துக்கொள்ளக் கட்டிய பாடசாலை இது என்பது உண்மை. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு அது கட்டப்படவில்லை. மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்து, அங்கே கற்று, அதைத் தம் மார்க்கத்தின் மண்ணில் கொண்டுவந்து ஊன்றினார்கள். மார்க்கத்தில் உறுதி தளர்ந்தவர்கள் எவரும் இவர்களில் இல்லை. தம் மார்க்கத்தில் நம்பிக்கை உள்ளவனுக்கு அயலானின் பாடசாலை பயத்தைத் தருவதில்லை.

1956இல் தனிச்சிங்களக் கொள்கை வந்தது. செனட் சபை உறுப்பினராக இருந்த அஸீஸ் தம் கட்சி அந்தக் கொள்கையை ஏற்றபோது கட்சியை விட்டு விலகினார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிமாக அவர் எடுத்த முடிவு அது. வசதியை நோக்கி எடுத்த முடிவல்ல.

1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் சட்டங்கள் வந்தன. மிஷன் பாடசாலைகளின் செல்வாக்கைக் குறைப்பது முக்கிய நோக்கம். அதற்காக விரித்த வலையில் இந்து, பௌத்த, முஸ்லிம் கல்லூரிகளும் சேர்ந்து விழுந்தன. அப்போதைய கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். கம்பளை ஸாஹிறாவை வளர்த்த அதே அதிபர். ஜாயாவின் அழைப்பில் கிளையை ஆண்டவரின் கையெழுத்தாலேயே தாய்க் கல்லூரி அரசின் கைக்குப் போனது. இதை அவர்மீது பழியாகச் சுமத்த எனக்கு மனமில்லை. கிராமத்து முஸ்லிம் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பாடசாலைகளும் ஆசிரியர்களும் கிடைக்க அவர் செய்தவை ஏராளம். நாடெங்கும் முஸ்லிம் பாடசாலைகள் பெருகியது அவருடைய காலத்தில்தான். ஆனால் ஸாஹிறாவுக்கு அது பலத்த அடி. அஸீஸ் 1961இல் விலகினார். கனவு கண்ட அதிபரும், தீர்மானிக்கும் உரிமையும் ஒரே ஆண்டில் போயின. தன் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பது, யாரை ஆசிரியராக நியமிப்பது என்பதைச் சமூகமே தீர்மானித்த இடத்தில் திணைக்களத்துக் கோப்புகள் வந்து அமர்ந்தன.

பெண்பிள்ளைகள் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நேர்மையாகாது. சித்திலெப்பை கண்டியில் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கியது ஸாஹிறா பிறப்பதற்கு முன்னரே. ஆண்பிள்ளைகளின் கல்லூரிக்குக் கிடைத்த பணத்தில், கட்டடத்தில், தலைமையில் ஒரு பங்குகூடப் பெண்பிள்ளைகளுக்கு அரை நூற்றாண்டு வரை கிடைக்கவில்லை. கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி 1946இல்தான் உருவானது. அதை உருவாக்குவதில் முன்னின்ற சேர் ராசிக் பரீத், வாப்பிச்சி மரிக்காரின் பேரர். பாட்டனார் பையன்களுக்குக் கட்டினார். பேரர் பெண்களுக்குக் கட்ட வேண்டியிருந்தது. நீண்ட காலம் அதன் அதிபராக இருந்த ஆயிஷா ரவூப் கேரளத்துத் தலச்சேரியில் பிறந்தவர். கொழும்பு மாநகரசபையின் பிரதி மேயராகவும் இருந்தவர். அந்த அரை நூற்றாண்டுத் தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் நம்முடைய உம்மம்மாக்கள். அறபுத் தமிழை வாசிக்கத் தெரிந்த அவர்களுக்கு அடுத்த படியை யாரும் காட்டவில்லை. சித்திலெப்பை காட்டினார், சமூகம் செவிகொடுக்கவில்லை.

அஸீஸ் 1973 நவம்பரில் மறைந்தார். அதே ஆண்டில் பேருவளையில் நளீம் ஹாஜியாரின் கொடையால் ஜாமிஆ நளீமிய்யா தோன்றியது. ஸாஹிறா நவீனக் கல்விக்குள் மார்க்கத்தைக் கொண்டுவந்தது. நளீமிய்யா மார்க்கக் கல்விக்குள் நவீனத்தைக் கொண்டுவரப் புறப்பட்டது. சித்திலெப்பை கேட்ட கேள்விக்கு 80 ஆண்டுகள் கழித்து மறுகரையிலிருந்து வந்த பதில் அது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அஸீஸுக்கு அவர் மறைவின் பின் கௌரவக் கலாநிதிப் பட்டம் அளித்துத் தன் மண்ணின் மைந்தனை ஏற்றுக்கொண்டது. 1982இல் பாராளுமன்றத்தில் நிறைவேறிய சட்டமொன்றால் கொழும்பு ஸாஹிறா ஆளுநர் சபையின் பொறுப்பில் சமூகத்திடம் திரும்பியது.

ஸாஹிறாவின் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜாயா, அஸீஸ் காலத்துக் கல்லூரிச் சஞ்சிகைகள், பரிசளிப்பு விழா அறிக்கைகள், விடுதிப் படங்கள், அதிபர் கைப்பட எழுதிய நற்சான்றுகள் பல வீடுகளில் அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கின்றன. வீடு மாறும்போதும் பெரியவர்கள் மௌத்தாகும்போதும் அவை பழைய தாள்காரனிடம் போய்விடுகின்றன. முஸ்லிம் நேசன் இதழ் ஒன்றாவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் அதன் மதிப்பைச் சொல்லி முடியாது. மூலத்தைத் தர மனமில்லாவிட்டால் பிரதியெடுத்தாவது கல்லூரி நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். அவற்றோடு கிளைக் கல்லூரிகளின் பதிவேடுகளையும் திரட்ட வேண்டும். அளுத்கமவிலும் மாத்தளையிலும் புத்தளத்திலும் முதல் தலைமுறையில் படித்தவர்களில் சிலராவது இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதும் வேலையை இந்த ஆண்டிலேயே தொடங்க வேண்டும்.